ஆயிரத்து எண்பத்தொன்பது சிசி

டிராம்பேயிலிருந்து குர்லா பத்து கிலோமீட்டர் இருக்கும். 1950களின் நடுவில் பம்பாயின் இந்தக் கிழக்கு ஓரத்தில் அடுத்தடுத்து வந்து இறங்கியவற்றை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. மாகுல் மீனவக் கிராமத்தை ஒட்டி 1954ல் ஸ்டான்வாக் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, 1955ல் பர்மா ஷெல் ஆலை. 1956ல் டாடாவின் அனல் மின் நிலையம். அதே ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் தேதி அப்சரா அணு உலை. இவற்றைப் பற்றியெல்லாம் நிறையவே எழுதியாயிற்று. 1954லேயே குர்லாவின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஆலைக்கு இத்தாலியிலிருந்து வந்து சேர்ந்த ஒரு சிறிய எஞ்சினைப் பற்றித்தான் யாரும் அதிகம் எழுதவில்லை. நான்கு சிலிண்டர், 1089 கன சென்டிமீட்டர். மாகுலில் பெட்ரோல், குர்லாவில் அதைக் குடிக்கும் எஞ்சின். பிற்பாடு அரை நூற்றாண்டுக்கு இந்த நகரம் அதில்தான் ஏறிப் போனது.

மும்பைக்காரர்களுக்கு அது டாக்ஸி எஞ்சின். கறுப்பும் மஞ்சளுமாக நின்ற பிரீமியர் பத்மினி காரின் முகப்புக்குள் இருந்தது அதுதான். ஆனால் டாக்ஸிக்குள் போவதற்கு முன்பும், போன பிறகும்கூட, அது ரேஸ் ஓடிய எஞ்சின். இத்தாலியின் மலைச்சாலைகளில், அமெரிக்காவின் அமெச்சூர் களங்களில், சென்னைக்கு வடக்கே சோழவரத்தின் கைவிடப்பட்ட விமானத்தளத்தில். மூன்று இடங்களிலும் அதை ஓட்டியவர்களில் பெரும்பாலோர் வயிற்றுப்பாட்டுக்காக ஓட்டவில்லை, ஆசைக்காக ஓட்டினார்கள். வேகப் பந்தயத்தின் வரலாற்றை ஃபெராரியையும் ஜாகுவாரையும் வைத்தே எழுதிப் பழகிவிட்டோம். குர்லாவின் எஞ்சினுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. அதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது எனக்கு நெடுநாளைய எண்ணம்.

அது பிறந்தது 1937ல், டூரின் நகரத்தில். ஃபியட் கம்பெனியின் தாந்தே ஜியாகோசாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. முந்தைய ஆண்டுதான் டோப்போலினோ என்ற குட்டிக் காரை முடித்துக் கொடுத்திருந்தார். அடுத்து நடுத்தரக் குடும்பங்களுக்காக ஒரு கார் கேட்டார்கள். அதற்காக அவர் எடுத்துக்கொண்ட அளவு: சிலிண்டரின் விட்டம் 68 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 75 மில்லிமீட்டர். வார்ப்பிரும்பு பிளாக், மேலே அலுமினிய ஹெட், வால்வுகள் ஹெட்டிலேயே. கிராங்க் ஷாஃப்டைத் தாங்க மூன்று மெயின் பேரிங்குகள். திறன் 32 குதிரை. வீட்டுக் காருக்கு அது போதும்.

ஆனால் அந்தக் காலத்து ரேஸ் விதிகள் கார்களைக் கொள்ளளவு பார்த்துப் பிரித்து வைத்திருந்தன. 1100 சிசி ஒரு எல்லைக்கோடு. 1089 அந்தக் கோட்டுக்குள் கச்சிதமாக அடங்கியது. மறு ஆண்டே, 1938ல், ப்ரெஷியாவிலிருந்து ரோம் போய்த் திரும்பும் ஆயிரம் மைல் மில்லே மிலியா பந்தயத்தில், கூம்பு வால் வைத்த ஒரு ஃபியட் 1100 தன் பிரிவை வென்றது. அங்கே ஓடியது அடிப்படையில் வீட்டுக் காரின் எஞ்சின்தான்.

பிறகு யுத்தம். இத்தாலி நொறுங்கிக் கிடந்த 1946ல் டூரினில் பியரோ டூசியோ என்ற தொழிலதிபருக்கு ஒரு யோசனை தோன்றியது. எளிய ஒற்றை இருக்கை ரேஸ் கார்கள் சிலவற்றைச் செய்து ஓட்டுநர்களிடம் கொடுத்துவிடலாம், யார் கெட்டிக்காரர் என்பது அப்போது தெரியும். அதற்கு வடிவம் கொடுத்தவரும் ஜியாகோசாவே. மெல்லிய குழாய்களைப் பற்றவைத்த கூண்டு, அதற்குள் தம்முடைய 1100 எஞ்சின். மற்ற பாகங்களிலும் பெரும்பகுதி ஃபியட் அலமாரியிலிருந்தே வந்தது. சீண்டிவிட்ட எஞ்சின் அறுபது குதிரைத்திறன் வரை கொடுத்தது, காரின் எடை நானூறு கிலோவுக்கும் குறைவு. சிசிடாலியா டி46 என்று பெயர். அந்த ஆண்டு செப்டம்பரில் டூரினில் நடந்த பந்தயத்தில் அதை ஓட்டிக்கொண்டிருந்தபோது டாசியோ நுவோலாரியின் ஸ்டியரிங் சக்கரம் கழன்று கையோடு வந்துவிட்டது. ஐம்பத்து மூன்று வயது மனிதர். ஒரு கையால் ஸ்டியரிங் தண்டைப் பிடித்து வண்டியைத் திருப்பிக்கொண்டே, கழன்ற சக்கரத்தை மறு கையால் தூக்கித் தம் குழுவினருக்குக் காட்டியபடி போனார். இத்தாலிய ரேஸ் ரசிகர்கள் இன்றும் சொல்லி மகிழும் காட்சி அது. டாக்ஸி எஞ்சினின் மூதாதையருக்கு இப்படி ஒரு நாள் வாய்த்தது என்பதில் எனக்கு நிஜமாகவே பெருமை.

யுத்தம் முடிந்து ஐரோப்பாவிலிருந்து ஊர் திரும்பிய அமெரிக்கப் படைவீரர்கள் சிலர் கூடவே ஒரு ருசியையும் கொண்டுபோனார்கள். சிறிய கார், கூரை இல்லாதது, வளைவுக்கு வளைவு கியர் மாற்றி ஓட்டுவது. அமெரிக்கக் கார்களோ கப்பல் கப்பலாக இருந்தன. 1944ல் பாஸ்டனில் தொடங்கிய எஸ்சிசிஏ என்ற ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பைச் சுற்றி இவர்கள் திரண்டார்கள். பரிசுப் பணம் கூடாது என்பது கிளப்பின் கண்டிப்பான கொள்கை. கோப்பை வாங்கலாம், காசு வாங்கக்கூடாது. வக்கீல், டாக்டர், பரம்பரைச் சொத்துக்காரர், கார் விற்பவர் என்று பலரும் வார நாளில் ஒரு வேலையும் ஞாயிற்றுக்கிழமை ஒரு ஹெல்மெட்டுமாக இருந்தார்கள்.

1948 அக்டோபரில் நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் க்ளென் என்ற சிற்றூரில், கேமரன் ஆர்கெட்சிங்கர் என்ற சட்ட மாணவரின் முயற்சியில், ஊர்த் தெருக்களிலேயே ஒரு பந்தயம் நடந்தது. ரயில்வே கேட்டைத் தாண்டி, கடைத்தெரு வழியாக, ஆறரை மைல் சுற்று. கூட்டம் ஆண்டுக்காண்டு பெருகியது. கூட்டத்துக்கும் காருக்கும் நடுவே எதுவும் இல்லை. 1952ல் நடைபாதை ஓரம் இருந்த ஒரு சிறுவன் காரில் அடிபட்டு இறந்தான். அத்தோடு தெருப் பந்தயங்களுக்கு முடிவு வந்தது. அது சரியான முடிவு.

தெருவை இழந்த கிளப்புக்கு அடுத்த இடம் கிடைத்த விதம்தான் நம் கதைக்கு முக்கியம். அமெரிக்க விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஜெனரல் கர்டிஸ் லெமே தாமே ஒரு ஆலார்டு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தவர். தம் தளங்களின் ஓடுபாதைகளை ரேஸுக்குத் திறந்துவிட்டார். டிக்கெட் வசூல் படைவீரர்களின் குடியிருப்பு வசதிக்குப் போகும் என்பது ஏற்பாடு. 1953ஆம் ஆண்டின் அமெச்சூர் சீசன் ஏறக்குறைய ஒரு விமானத்தளச் சுற்றுலாவாகவே ஆகிவிட்டது. ஃப்ளோரிடாவில் மெக்டில், டெக்ஸாஸில் பெர்க்ஸ்ட்ராம், நெப்ராஸ்காவில் ஆஃபட், ஒஹையோவில் லாக்போர்ன், கலிஃபோர்னியாவில் மார்ச். குண்டுவீச்சு விமானங்களின் அகல காங்கிரீட் பாதையில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி வளைவு உண்டாக்கினார்கள். பெரிய பிரிவுகளில் கன்னிங்ஹாம், ஃபெராரி, ஆலார்டு எல்லாம் சீறின. மரம் இல்லை, மேடு இல்லை. தவறு செய்தால் சுழன்று நின்று மறுபடி போகலாம். அந்த ஒரே காரணத்தால் புதியவர்கள் துணிந்து பழக முடிந்தது என்று நினைக்கிறேன். அரசாங்கச் சொத்தைத் தனியார் கிளப்பின் விளையாட்டுக்குக் கொடுப்பதா என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் கேள்வி எழ, 1954ல் இந்த ஏற்பாடு நின்றது. அதற்குள் நாடு முழுக்க அமெச்சூர் ரேஸ் வேர் பிடித்துவிட்டது.

அந்தக் களங்களில் பெரிய கார்களுக்குப் பின்னால் சிறிய கார்கள் தனியாக ஒரு சண்டை போட்டுக்கொண்டிருந்தன. எஸ்சிசிஏ கணக்கில் 1100 சிசி வரை உள்ள பிரத்தியேக ஸ்போர்ட்ஸ் கார்கள் ஜி பிரிவு, 750 வரை எச் பிரிவு. கையில் காசு குறைவாக, கைத்திறன் அதிகமாக உள்ளவர்கள் தேடி வந்த இடம் இது. இத்தாலியின் சின்னச் சின்னப் பட்டறைகள் அவர்களுக்காகவே கார் செய்தன. மொடேனா நகரில் ஃபியட் விற்பனை நிலையம் வைத்திருந்த ஸ்டாங்குவெலினி அவற்றில் ஒன்று, சியாட்டா இன்னொன்று. மேலே உடம்பு எப்படி இருந்தாலும், மூடியைத் திறந்தால் பல கார்களுக்குள் ஃபியட்டின் பிளாக் இருந்தது.

1958ல் இத்தாலிய கோமகன் ஜொவானி லூரானி இளம் ஓட்டுநர்களுக்காக ஃபார்முலா ஜூனியர் என்ற பிரிவைக் கொண்டுவந்தார். ஒற்றை இருக்கை ரேஸ் கார், ஆனால் எஞ்சின் சாதாரண வீட்டுக் காருடையதாக இருக்க வேண்டும். 1100 சிசி என்றால் எடை 400 கிலோவுக்குக் குறையக் கூடாது. ஸ்டாங்குவெலினிக்கு இதைவிட நல்ல சேதி வேறு இருக்க முடியாது. அதே 1089 எஞ்சினிலிருந்து எண்பது குதிரைத்திறனுக்கு மேல் கறந்தார்கள். 1959ல் மோனாக்கோவில் நடந்த ஜூனியர் பந்தயத்தை மைக்கேல் மே என்ற இளைஞர் ஸ்டாங்குவெலினியில் வென்றார். அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்க அமெச்சூர்களும் இந்தக் கார்களை வாங்கி ஓட்டினார்கள். ஆனால் அந்த உச்சம் இரண்டு சீசன்கூடத் தாங்கவில்லை. 1960ல் இங்கிலாந்திலிருந்து ஃபோர்டு ஆங்கிலியா எஞ்சினை முதுகுப் பக்கம் வைத்த லோட்டஸ் வந்தது, ஜிம் கிளார்க் அதை ஓட்டினார். அந்த ஃபோர்டு எஞ்சினில் பிஸ்டன் பயணிக்கும் தூரம் மிகக் குறைவு, வேகமாகச் சுழலப் பிறந்தது அது. இருபத்து மூன்று வயது ஃபியட் எஞ்சினின் நீண்ட ஸ்ட்ரோக்கால் அதற்கு ஈடு கொடுக்க முடியவில்லை. மேற்கத்திய ரேஸ் புத்தகங்களில் இந்த எஞ்சினின் கதை அத்தோடு முடிகிறது. அதன் வாழ்வில் சரிபாதிகூட அப்போது ஆகியிருக்கவில்லை.

குர்லாவுக்கு வருவோம். வால்சந்த் ஹீராசந்த் 1944ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் முதலில் கிரைஸ்லரோடு கைகோத்து 1947ல் டாட்ஜ், டிசோட்டோ, பிளிமத் கார்களைப் பூட்டி வெளியே விட்டது. அப்போது பம்பாயில் இன்னும் பெரிய ஆட்கள் இருந்தார்கள். சிவ்ரியில் ஜெனரல் மோட்டார்ஸின் ஆலை 1928 முதல் ஓடியது, ஃபோர்டும் இருந்தது. 1953ல் டாரிஃப் கமிஷன் ஒரு முடிவைச் சொன்னது. படிப்படியாக உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யத் திட்டம் உள்ளவர்களுக்கு மட்டுமே இனி அனுமதி, வெறுமனே பூட்டிக் கொடுப்பவர்களுக்கு இடமில்லை. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின. பிரீமியர் நின்றது. 1953 மார்ச்சில் ஜெனிவா கண்காட்சியில் ஃபியட் அறிமுகப்படுத்திய புது 1100 மறு ஆண்டே குர்லாவுக்கு வந்தது. தனிச் சட்டம் இல்லாமல் உடம்பே சட்டமாக அமைந்த நவீன வடிவம், உள்ளே அதே 68க்கு 75 எஞ்சின், 36 குதிரைத்திறன். உருண்டு திரண்ட அந்த முதல் மாடலைப் பம்பாய்க்காரர்கள் செல்லமாக டுக்கர் என்றார்கள். வரவர எஞ்சினின் பாகங்களும் இங்கேயே வார்த்துக் கடைந்து ஆயின.

டாரிஃப் கமிஷனின் அதே 1953ல், அதாவது அமெரிக்காவின் விமானத்தள சீசன் நடந்த அதே ஆண்டில், சென்னையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது. வெள்ளைக்காரக் கம்பெனி அதிகாரிகளும் உள்ளூர் வசதியுள்ள இளைஞர்களும் கலந்த கூட்டம். அவர்களுக்கும் களம் தேவைப்பட்டது, அவர்களுக்கும் கிடைத்தது ஓடுபாதைதான். செங்குன்றம் தாண்டி ஜிஎன்டி ரோட்டில் சோழவரம் ஏரிப் பக்கம், இரண்டாம் உலகப் போரின்போது போட்டு, போர் முடிந்ததும் விட்டுவிட்டுப் போன விமானத்தளம். பம்பாயில் ஜூஹு, கல்கத்தாவுக்கு வெளியே பாரக்பூர் என்று மற்ற ஊர்களிலும் ரேஸ் விமானத்தளத்தைத்தான் தேடிப் போனது. ஜூஹு என்றால் 1932ல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து தபால் விமானம் ஓட்டிவந்து இறங்கிய அதே ஜூஹு. ஜெனரல் லெமேயைப் பார்த்து இவர்கள் செய்ததாகத் தெரியவில்லை. போர் உலகெங்கும் காங்கிரீட்டை விரித்துவிட்டுப் போயிருந்தது. கார்ப் பைத்தியங்கள் எங்கே இருந்தாலும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

அமெரிக்க அமெச்சூருக்கும் சோழவரத்து அமெச்சூருக்கும் ஆசை ஒன்றுதான், நிலைமை வேறு. அமெரிக்கர் உலகத்துக் கடையில் நின்று தேர்ந்தெடுத்தார். எம்ஜி அலுத்தால் போர்ஷே, போர்ஷே தோற்றால் லோட்டஸ். இங்கே இறக்குமதிக் கதவு மூடிக்கொண்டே வந்தது. கோண்டல் இளவரசரைப் போன்ற சிலர் வெளிநாட்டு ரேஸ் கார்களைக் கொண்டுவந்தார்கள். பழைய எம்ஜிகளும் ஜாகுவார்களும் உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடின. மற்ற எல்லாருக்கும் மூன்றே வழி. குர்லாவின் ஃபியட், 1089. உத்தர்பாராவின் அம்பாசடர், 1489. 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 948. வருஷம் மாறும், வண்டி மாறாது.

இதைப் பஞ்சம் என்று மட்டும் சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. ஒரே எஞ்சினோடு முப்பது ஆண்டு மல்லுக்கட்டியவர்களுக்கு அதில் தெரியாத மூலை இல்லாமல் போனது. பட்டறையில் ஒரு ஃபியட்டை ரேஸுக்குத் தயார் செய்வது எப்படி இருந்தது என்று பாருங்கள். முதலில் பின் சீட்டு, பம்பர், தரை விரிப்பு எல்லாம் வெளியே வரும், எடை குறைய வேண்டும். பிறகு ஹெட்டைக் கழற்றி அடிப்பரப்பைக் கடைசலில் கொஞ்சம் சீவுவார்கள். பிஸ்டனுக்கு மேலுள்ள இடம் குறுகி அழுத்தம் கூடும். காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் துவாரங்களை அரம் போட்டு, எமரி தாள் வைத்துக் கண்ணாடி மாதிரி தேய்ப்பார்கள். சிலிண்டரைப் போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதற்கு விதி எவ்வளவு இடம் கொடுக்கிறதோ அவ்வளவும் எடுத்துக்கொள்வார்கள். கேம் ஷாஃப்டின் மேடுகளுக்கு வெல்டிங் வைத்து வேறு வடிவத்தில் தேய்ப்பவர்கள் இருந்தார்கள், அது தனி வித்தை. பிறகு இரட்டைக் கார்புரேட்டர். ஸ்டியரிங் தண்டில் இருக்கும் கியர் குச்சி அவசரத்துக்கு உதவாது என்று கியரைத் தரைக்கு மாற்றுவதும் உண்டு. சிலர் இன்னும் ஒரு படி போய், எஞ்சினை மட்டும் எடுத்துக்கொண்டு சொந்தமாகக் குழாய் வளைத்துக் கூண்டு கட்டி ‘ஸ்பெஷல்’ என்ற பெயரில் தனிக் காரே செய்தார்கள். டூசியோ 1946ல் டூரினில் செய்தது எதுவோ, அதையேதான் இவர்களும் செய்தார்கள்.

ஆனால் டூரின்காரருக்கு இல்லாத ஒரு தடை இவர்களுக்கு இருந்தது. அது எங்கள் டிராம்பே பக்கத்து விஷயம். அக்காலத்தில் நம் நாட்டுப் பங்க்குகளில் கிடைத்த பெட்ரோலின் ஆக்டேன் குறைவு. அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் ஸ்பார்க் மூட்டிய சுடர் வந்து சேர்வதற்குள் ஓரத்துப் பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளும், எஞ்சின் தட்டும், பிஸ்டன் ஓட்டையாகும். ஆகவே ஹெட்டை எவ்வளவு சீவலாம் என்ற கேள்விக்கு விடை கடைசல் எந்திரத்தில் இல்லை, ஊற்றுகிற பெட்ரோலில் இருந்தது. ஐந்து மில்லிமீட்டர் சீவினான், எஞ்சின் போயிற்று என்றால் எல்லாரும் சிரிப்பார்கள். எவ்வளவு சீவினால் நிற்கும் என்று காதால் கண்டுபிடித்தவருக்குத்தான் மரியாதை. கூடவே மூன்று பேரிங் கிராங்க். அளவுக்கு மீறி முறுக்கினால் நடுவில் வளைந்து அதிரும். ஐரோப்பாவில் இந்த எஞ்சினின் குறையாகப் புத்தகத்தில் எழுதியதை இங்கே பட்டறைக்காரர்கள் கையால் தடவித் தெரிந்துகொண்டார்கள்.

சோழவரம் ரேஸ் என்றால் ஒரு காலத்தில் சென்னைக்குத் திருவிழா. செங்குன்றம் ரோடு முழுக்க பஸ்ஸும் சைக்கிளும். வெயில் காங்கிரீட்டில் பட்டு எழும்பும். டயர்க்காரர்களும் பெட்ரோல்காரர்களும் பலகை கட்டுவார்கள். 1980களில் விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் காரையே இங்கே கொண்டுவந்து ஓட்டினார். கூட்டம் அதைப் பார்க்கத்தான் முண்டியடித்தது, அது இயல்பு. ஆனால் தான் ஆபீசுக்குப் போகும் அதே மாதிரி வண்டி கண்ணெதிரே ஒரு பக்கச் சக்கரம் தூக்கி வளைவில் திரும்புவதைப் பார்க்கும் ஆளுக்கு வேறு ஒன்று நடக்கும். நாமும் ஓட்டலாம் போலிருக்கிறதே என்று தோன்றும். அமெச்சூர் ரேஸின் உயிர் அந்த எண்ணத்தில் இருக்கிறது. அதை உண்டாக்கும் வல்லமை என்சைனுக்கு இல்லை, ஃபியட்டுக்கு உண்டு.

இத்தாலியில் 1962லேயே 1100 காருக்கு 1221 சிசி எஞ்சின் வைத்துவிட்டார்கள். 1969ல் அந்தக் காரையே நிறுத்தினார்கள். இந்தியாவில் அந்த 1962 உடம்பு 1960களின் நடுவில் டிலைட் என்ற பெயரில் வந்தது, எஞ்சின் மட்டும் பழைய 1089 ஆகவே இருந்தது. எழுபதுகளில் ஃபியட் பெயர் போய் பிரீமியர் பிரசிடென்ட் ஆயிற்று, பிறகு பிரீமியர் பத்மினி. வாங்க வேண்டுமென்றால் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. கோயம்புத்தூரின் எஸ். கரிவர்தன் அந்தக் குட்டி எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி ஒற்றை இருக்கைக் கார்களைச் செய்து, அடுத்த தலைமுறை ஓட்டுநர்களுக்குப் பள்ளிக்கூடம் போலக் கொடுத்தார். 1958ல் லூரானி நினைத்ததைக் கோவை மண்ணில் செய்துகாட்டிய மனிதர் அவர். 1995ல் விமான விபத்தில் இறந்தார். 1990ல் இருங்காட்டுக்கோட்டையில் கிளப்புக்கென்றே 3.7 கிலோமீட்டர் நிரந்தரத் தடம் வந்தது, சோழவரம் ஓய்ந்தது. ஃபியட்டின் ரேஸ் வாழ்க்கையும் அதோடு ஓய்ந்தது என்று சொல்லலாம்.

ரேஸ் ஓய்ந்தாலும் எஞ்சின் ஓயவில்லை. மும்பை டாக்ஸியில் அது பட்ட பாட்டை மில்லே மிலியாவோடு ஒப்பிட்டால், இதுதான் கடினம் என்பேன். ஆயிரம் மைல் ஒரு நாளில் தீர்ந்துவிடும். டாக்ஸிக்கு சயான் சிக்னலில் ஏப்ரல் வெயிலில் ஐந்தடி நகர்ந்து நிற்பதுதான் தினசரி. பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று இரண்டு ஷிப்ட். மழைக்காலத்தில் குர்லாவிலும் சயானிலும் முழங்கால் தண்ணீர். தண்ணீர் புகுந்து நின்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றித் துணியால் துடைத்து மாட்டி, சோக்கை இழுத்தால் மறுபடி பேசும். டிராம்பேயில், 1976ல் ஜனதா காலனியிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து குடியேற்றப்பட்ட சீட்டா கேம்ப்பில், செம்பூரில், தாராவியில் டாக்ஸி ஓட்டியும் ரிப்பேர் பார்த்தும் பிழைத்த தமிழ்க் குடும்பங்கள் உண்டு. ‘பாயின்ட்டைச் சுத்தம் பண்ணிப் பாரு தம்பி, அப்புறம் பேசலாம்’ என்பது அந்தப் பட்டறைகளில் எந்த வியாதிக்கும் முதல் வைத்தியம். சோழவரத்தில் கோப்பைக்காகச் சேர்ந்த அறிவும் இங்கே சோற்றுக்காகச் சேர்ந்த அறிவும் ஒரே அறிவு. கிளப் ஆண்டு மலர்களில் முதலாவதற்கு ஒரு வரியாவது இருக்கும். இரண்டாவதை யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்குப் பெரிய ஆற்றாமை அதுதான்.

2000களின் தொடக்கத்தில் உயர் நீதிமன்ற உத்தரவையடுத்து மும்பை டாக்ஸிகள் சிஎன்ஜிக்கு மாறின. டிக்கியில் சிலிண்டர் ஏறியது. டூரினில் பெட்ரோலுக்கென்று 1937ல் வரைந்த அதே எரியறையில் வாயு எரிந்தது, எஞ்சின் அதையும் ஏற்றுக்கொண்டது. குர்லாவில் பத்மினி உற்பத்தி அதற்குச் சற்று முன்பே நின்றிருந்தது. ஆலை இருந்த நிலத்தில் இன்று கோஹினூர் சிட்டியின் அடுக்குமாடிகள். கடைசியாகப் பதிவான பத்மினி டாக்ஸி 2003 அக்டோபர் 29ல் தார்தேவ் ஆர்டிஓவில் பதிவானது. இருபது வருஷ வயது வரம்பு முடிந்து 2023 அக்டோபர் 30 முதல் அது ஓட முடியாமல் போயிற்று. ஓய்ந்தவற்றில் பல குர்லா சிஎஸ்டி ரோடு பக்கம் பங்கார் எனும் பழைய இரும்புக் கடைகளுக்குத்தான் வந்தன. ஆலை இருந்த இடத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் அவற்றைப் பிரித்தார்கள். வார்ப்பிரும்பு தனி, அலுமினிய ஹெட் தனி, எடைக்கு எடை.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஸ்டாங்குவெலினி ஜூனியர் கார்கள் இன்றும் ரேஸ் ஓடுகின்றன. பழைய ஃபார்முலா ஜூனியர் கார்களுக்கென்றே சங்கம் இருக்கிறது, ஒவ்வொரு காரும் எந்த ஆண்டு யார் ஓட்டி எந்த இடத்தில் முடித்தது என்ற ஏடு இருக்கிறது. நம் பக்கம் கோவையில் ஜிடி கார் அருங்காட்சியகம் இருக்கிறது, மும்பையில் பழைய கார்ச் சங்கம் ஆண்டுதோறும் ஊர்வலம் விடுகிறது. பத்மினியை அழகாகப் பெயின்ட் அடித்து நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பின் சீட்டு பிடுங்கிய, கியரைத் தரைக்கு மாற்றிய, ஹெட் சீவிய ஒரு சோழவரத்து ஃபியட்டை அப்படியே வைத்திருக்கும் கூடம் ஒன்று வேண்டும். பக்கத்தில் ஒரு ஹெட்டை வெட்டித் திறந்து, எவ்வளவு சீவினார்கள், எந்தத் துவாரத்தை எவ்வளவு தேய்த்தார்கள் என்று அளந்து எழுதி வைக்கலாம். அந்த அளவுகளைச் சொல்லக்கூடியவர்கள் எழுபது, எண்பது வயதில் இன்னும் சென்னையிலும் கோவையிலும் மும்பையிலும் இருக்கிறார்கள். கிளப்புகள் ஒரு டேப் ரெக்கார்டரோடு அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டிய நேரம் இது.